ஜின் சீட்டும் சின்னம்மாவின் தீர்ப்பும்

நாற்பதைத் தொட்டவர்களுக்கும் தொடப்போகிறவர்களுக்கும்தான் இது சரியாகப் புரியும். வீட்டுக்கு ஒரே தொலைபேசி, அதற்கும் பூ வேலை செய்த துணி போர்த்தி வைத்திருந்த காலம். கோடை விடுமுறை என்றால் முழுசாக நம் கையில் இருக்கும். அப்படி ஒரு கோடையில், திண்டுக்கல்லில், எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நாங்கள் நாலு பேர் ஒரு சீட்டு விளையாட்டு ஆடினோம். அதில் ஒரு தீர்ப்பு எனக்கு எதிராகப் போனது. அந்தக் கோபத்தில் நான் செய்ததை இதுவரை ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம்; அவருக்குத் தோல் மண்டி. உப்புப் போட்ட ஆட்டுத்தோலை வாங்கிக் கட்டிப் பதனிடும் இடங்களுக்கு அனுப்புவார். அவர் வீட்டு வாசலை மிதிப்பதற்கு முன்பே அந்த வாடை வந்துவிடும். அவருடைய தம்பி, எங்கள் சின்னத்தா, சிங்கப்பூரில் ஒரு பெரிய விளையாட்டுச் சாமான் கடையின் கிடங்கில் வேலை பார்த்தார். நிக்காஹ் முடிந்து நாற்பத்தைந்து நாள் ஊரில் இருந்துவிட்டு விமானம் ஏறினார். அவர் மனைவி, எங்கள் சின்னம்மா, எங்களோடு இருந்தார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. சித்தையன்கோட்டையில் பள்ளிக்கூடத்திலேயே அதிக மார்க் வாங்கி பிளஸ் டூ முடித்தவர். வக்கீலுக்குப் படிக்கவேண்டும் என்று கேட்டாராம். மாப்பிள்ளை சிங்கப்பூர் என்றதும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

சின்னத்தா ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பிய பொருட்களில் கோடாலித் தைலம், சோப்பு, சேலை இவற்றுக்கு அடியில் மூலை நசுங்கிய ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. நசுங்கியதால் கடையில் விற்க முடியாமல் கழித்துவிட்டதாம். உள்ளே நூற்றிருபது சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு படம்: இறக்கை முளைத்த பாம்பு, கல்லால் ஆன மனிதன், நெருப்பைத் தின்கிற குழந்தை. முதல் சீட்டில் புகையாக எழும்பி நிற்கிற ஒரு நீல உருவம். அண்ணன் அதைப் பார்த்ததும் ஜின் பூதம் என்றான். அன்றிலிருந்து அதன் பெயர் ஜின் சீட்டு. புதுச் சீட்டுக்கட்டைப் பிரித்து முகர்ந்தால் ஒரு மை வாசனை வரும். இன்றைக்கும் பிள்ளைகளின் புதுப் பாடப்புத்தகத்தைத் திறக்கும்போது எனக்கு அந்த மொட்டைமாடி நினைவுக்கு வரும்.

விளையாடத்தான் தெரியவில்லை. விதிகள் எழுதிய சின்னப் புத்தகம் ஒன்று கூட இருந்தது. எறும்பு எழுத்தில் முப்பது பக்கம் இங்கிலீஷ். அண்ணன் பத்தாம் வகுப்புக்குப் போகிறவன், நான் ஆறாவதுக்கு. ரெண்டு பேருக்கும் முதல் பக்கமே தாண்டவில்லை. எதிர்வீட்டு அண்ணனைக் கூப்பிட்டோம். அவர் பிளஸ் ஒன் முடித்தவர், இங்கிலீஷ் மீடியம். மூன்றாம் பக்கத்தில் அவரும் தலையைச் சொறிந்தார்.

மாடியில் மிளகாய் காயப்போட வந்த சின்னம்மா அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். நின்றுகொண்டே ரெண்டு பக்கம் படித்தார். பிறகு உட்கார்ந்தார். எதிர்வீட்டு அம்மாவிடம் சொல்லி அவர் மகனுடைய அகராதியை வாங்கி, மூன்று நாள், சமையல் முடித்த மத்தியானங்களில் அதை வாக்கியம் வாக்கியமாக உடைத்தார். நாலாம் நாள் எங்களை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார்.

ஆளுக்கு இருபது உயிர். உயிருக்குப் புளியங்கொட்டை. பூதங்களைக் களத்தில் இறக்கலாம், மந்திரம் போடலாம். ஒருவர் மந்திரம் போட்டால் அது நடப்பதற்குள் இன்னொருவர் பதில் மந்திரம் போடலாம், அதற்கு மேலும் ஒருவர் போடலாம். கடைசியாகச் சொன்னது முதலில் நடக்கும். இது எங்களுக்கு ஏறவே இல்லை. முதலில் சொன்னவன்தானே முதலில் அடிக்கவேண்டும் என்று அண்ணன் சண்டை போட்டான். சின்னம்மா கீழே போய் நாலு தட்டை எடுத்துவந்து ஒவ்வொன்றாக அடுக்கினார். இப்போது எடு என்றார். அண்ணன் மேல்தட்டை எடுத்தான். அவ்வளவுதான், புரிந்துவிட்டது.

ஆனால் சீட்டுகள் ஒன்றோடொன்று மோதும்போது வருகிற சிக்கல்கள் புத்தகத்தில் நேராக இருக்காது. என்னிடம் சாம்பல் பறவை என்றொரு சீட்டு. அது செத்தால், செத்த பூதங்களின் குவியலிலிருந்து ஒரு பூதத்தை நான் கைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஒருநாள் அந்தப் பறவை செத்தது. நான் அந்தப் பறவையையே எடுத்தேன். அது எப்படி, செத்தவன் தன்னைத்தானே தூக்கிக்கொண்டு வருவானா என்று எதிர்வீட்டு அண்ணன் கேட்டார். சின்னம்மா சீட்டை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"'வேற ஒரு பூதம்'னு போட்டிருந்தா எடுக்க முடியாது. 'ஒரு பூதம்'னுதான் போட்டிருக்கு. செத்தப்புறம் இதுவும் குவியல்ல ஒண்ணுதான. எடுத்துக்க புள்ள."

ஒற்றைச் சொல்லில் அவர் அதைக் கண்டுபிடித்தார். அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த ஏழு மாதத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமைதோறும் சின்னத்தாவின் போன் வரும். மூன்று நிமிடத்தில் அத்தா ரெண்டு நிமிடம் பேசுவார், அம்மா அரை நிமிடம். மிச்சத்தில் சின்னம்மா "நல்லா இருக்கேன்" என்பார். அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் முகம் எப்படி இருக்குமோ, அதற்கு நேர்மாறாக இருந்தது இது.

அதற்குப் பிறகு அவர் ஆடுவதைவிடத் தீர்ப்புச் சொல்வதில்தான் ஆசையாக இருந்தார். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஒவ்வொரு சிக்கலையும் தமிழில் எழுதி, எண் போட்டு, கீழே தீர்ப்பு, அதற்குக் காரணம், பக்க எண் எல்லாம் எழுதுவார். நாங்கள் வேண்டுமென்றே கோணலான சிக்கல்களை உண்டாக்கி அவரிடம் கொண்டுபோவோம். தண்ணீர் டிரம்களின் நிழல் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். காற்றுக்குச் சீட்டு பறக்காமல் இருக்கக் கூழாங்கல் வைத்திருப்போம். எதிர்வீட்டு அம்மா துணி காயப்போட மேலே வந்தால், அவர்கள் மாடியிலிருந்தே, இன்றைக்கு வழக்கு யாருக்கு ஜெயம் என்று கேட்பார். சில நாள் முறுக்கு வரும்.

என் அம்மாவுக்கும் இதெல்லாம் தெரியும். வேலையை முடித்துவிட்டு என்னவோ செய்யுங்கள் என்பார். அத்தாவுக்குத் தெரியாது. மறைக்கவேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அவர் மாடிக்கு வந்ததில்லை, அவ்வளவுதான்.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது கடைசி ஆட்டம் வைத்தோம். எதிர்வீட்டு அண்ணன் ஹாஸ்டலுக்குப் போவதாக இருந்தது. ஜெயிப்பவர் ஓரத்தில் தங்கநிறம் ஓடிய அந்த ஒரு சீட்டைச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம் என்று சின்னம்மா சொன்னார். அந்தக் கோடை முழுக்க நான் ஓர் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. அன்று ஜெயித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் முதலிலேயே தோற்று, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எதிர்வீட்டு அண்ணனிடம் ரெண்டே புளியங்கொட்டை மிச்சம். என் களத்தில் ரெண்டு பூதங்கள். ஒன்று முதலை. அடுத்த முறை அது கடித்தால் ஆட்டம் முடிந்தது. இன்னொன்று கோட்டைக் காவலன். அவன் களத்தில் நிற்கும்வரை என் மற்ற பூதங்கள் சாகாது.

எதிர்வீட்டு அண்ணன் கையிலிருந்த கடைசிச் சீட்டைப் போட்டார். பெருவெள்ளம். களத்தில் இருக்கும் எல்லாப் பூதங்களும் சாகும்.

காவலன் சாகட்டும், முதலை சாகாது என்றேன். வெள்ளம் வருகிற நேரத்தில் காவலன் நின்றுகொண்டுதானே இருக்கிறான் என்றேன். சின்னம்மா கண்ணை மூடி யோசித்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காவலன் செத்துட்டான் புள்ள. அவனே இல்லாதப்ப முதலைக்கு ஏது பாதுகாப்பு? ரெண்டும் போச்சு."

அவர் என் பக்கம் பேசுவார் என்று நம்பியிருந்தேன். பேசவில்லை. நான் புளியங்கொட்டைகளைக் கையால் அடித்துச் சிதறவிட்டு எழுந்தேன். படியிறங்கும்போது, இரு, புத்தகத்தைப் பார்த்துவிடுவோம் என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. நான் நிற்கவில்லை.

கீழே அத்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் எடுக்க அம்மா அடுப்படிக்குள் போயிருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏன் அழுகிறாய் என்று அத்தா கேட்டார். அவர் அப்படிக் கேட்பதே அபூர்வம். எனக்கு அழுகை கூடிவிட்டது.

"சின்னம்மா எப்பப் பாத்தாலும் எதிர்வீட்டு அண்ணன் பக்கந்தான் பேசுறாங்கத்தா. தெனமும் மாடியில அவரோடதான் சீட்டு வெளாடுறாங்க."

இதில் பொய் எங்கே இருக்கிறது என்று எத்தனையோ தடவை தேடியிருக்கிறேன். தினமும் ஆடினோம் என்பது நிஜம். சீட்டு என்பதும் நிஜம். நாங்கள் நாலு பேர் என்பதை மட்டும் சொல்லவில்லை. மறந்து விட்டுவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை. அவர் திட்டு வாங்கவேண்டும் என்று எனக்கு இருந்தது. ஒரு திட்டு, அவ்வளவுதான் நான் கேட்டது.

அத்தா பாதிச் சோற்றில் கையைக் கழுவினார். மாடிக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். டிரம் நிழலில் ரெண்டு பேரும் அந்தச் சின்னப் புத்தகத்தின் மேல் குனிந்திருந்தார்கள். ஒரே வரியில் ரெண்டு பேரின் விரலும் இருந்தது. அண்ணன் அங்கே இல்லை. நானும் அங்கே இல்லை. சின்னம்மா நிமிர்ந்து, என்னைப் பார்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் எனக்குப் பக்கத்தில் நின்ற அத்தாவைக் கவனித்தார்.

அத்தா சத்தமே போடவில்லை. எதிர்வீட்டு அண்ணனைப் போகச் சொன்னார். சீட்டு, நோட்டு, புத்தகம் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் அள்ளினார். மண்டிக்குக் கொண்டுபோய்க் குப்பையோடு எரித்ததாகப் பிறகு அண்ணன் சொன்னான். கீழே வந்ததும் சின்னம்மா ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்.

"அக்காவுக்குத் தெரியும்."

என் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா கையிலிருந்த பாத்திரத்தை மேடையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மாலையில் எதிர்வீட்டில் அந்த அண்ணன் மேல் பெல்ட் விழும் சத்தம் கேட்டது. ஒரு மாதத்தில் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். சின்னம்மா மறுநாள் காலையிலேயே போய்விட்டார். கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வரட்டும் என்று அத்தா சொன்னார். வாசலில் ஆட்டோ நின்றது. சின்னம்மா வீட்டுக்குள் திரும்பி வந்து, "புள்ள, புள்ள" என்று ரெண்டு தடவை கூப்பிட்டார். என்னைத் திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து நான் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளே நின்றேன். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டபிறகுதான் வெளியே வந்தேன்.

கொஞ்ச நாள் என்பது முடியவே இல்லை. சின்னத்தாவுக்குப் போனில் சொல்லப்பட்டது. அவர் சின்னம்மாவிடம் ஒரு தடவைகூட என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அடுத்த நோன்புக்குள் பெரியவர்கள் உட்கார்ந்து பேசிப் பிரித்துவிட்டார்கள். சின்னத்தாவுக்கு வேறு நிக்காஹ் நடந்தது. அந்தக் கல்யாணத்தில் நான் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு எல்லோருக்கும் பன்னீர் தெளித்தேன்.

அம்மா இதைப் பற்றி ஒரே ஒரு தடவை பேசினார். பல வருஷம் கழித்து, என் பிரசவத்துக்கு வந்திருந்தபோது, வெங்காயம் உரித்துக்கொண்டே, அன்றைக்கு எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றார். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெங்காயம் காரம் என்றார்.

அத்தா சர்க்கரையில் ஒரு கால் போய்ப் படுத்திருந்த கடைசி மாதங்களில் நானே கேட்டேன். சின்னம்மா தப்பு செய்தார் என்று நிஜமாகவே நினைத்தீர்களா என்று. அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அது கொழந்தப்புள்ள வெளாட்டுனு பாத்த ஒடனே தெரிஞ்சிருச்சும்மா. ஆனா நம்ம மாடி நாலு வீட்டுக்குத் தெரியுற மாடி."

தெரிந்தே செய்தார் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அதுவரை அவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு எல்லாம் சரியாகத்தான் புரிந்திருக்கிறது. நாலு வீட்டுக்காக ஒரு பெண்ணை அனுப்பிவிட்டார்.

போன தையில் வேடசந்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மத்தியானம் திண்டுக்கல் பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் நின்றபோது, மில் பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்களில் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீல ஓவர்கோட், தோளில் டிபன் பை, கண்ணாடி. தலைமுடியில் பாதி வெள்ளை. பக்கத்தில் வந்து, நீ பெரியவர் மகள்தானே, உங்கள் அத்தாவின் கண்ணு அப்படியே இருக்கிறது என்றார். குரலில்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது. சின்னம்மா.

சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விரல் நுனிகள் நூல் ஓடித் தேய்ந்து வழவழவென்று இருந்தன. அம்மாவைக் கேட்டார், அண்ணனைக் கேட்டார். அத்தா தவறிப்போனதைச் சொன்னதும் உதட்டுக்குள் துஆ ஓதினார். இருபது வருஷத்துக்கு மேலாக மில்லில் இருக்கிறாராம். இப்போது நூலின் தரம் பார்க்கிற பிரிவில். மறுபடி நிக்காஹ் எதுவும் இல்லை. போன் நம்பரை மாற்றிக்கொண்டோம். என் பேரைத் தானே வாய்விட்டுச் சொல்லி அதில் பதிந்துகொண்டார். திடீரென்று சொன்னார்.

"அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி."

எது என்று கேட்டேன்.

"முதலை. அது சாகாது. நீ எறங்கிப் போன ஒடனே புத்தகத்தப் பாத்தோம். கடைசிக்கு முந்துன பக்கத்துல இருந்துச்சு. எல்லாம் ஒரே நேரத்துல சாகும்போது, அதுக்கு முந்துன நொடியில களத்துல என்ன நின்னுச்சோ அதத்தான் கணக்குல எடுக்கணுமாம். காவலன் நின்னுக்கிட்டுத்தான இருந்தான். நாந்தான் ஒண்ணுக்கப்புறம் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன். ஒன்னக் கூப்புட்டுச் சொல்லணும்னு வாயெடுக்கிறேன், ஒங்க அத்தா நிக்கிறாரு. மறுநாளு போறப்பவும் கூப்ட்டேன். அந்தத் தங்கச் சீட்டு ஒனக்குத்தான்னு சொல்லிட்டுப் போகணும்னு இருந்துச்சு. நீ வரல."

அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். எதிர்வீட்டு அம்மாதான் மாடியிலிருந்து பார்த்துவிட்டு அத்தாவிடம் போட்டுக் கொடுத்திருக்கவேண்டும் என்றார். நம் வீட்டை விட்டால் வேறு யாருக்கும் அங்கே நடப்பது தெரியாதே, பிள்ளைகள் அப்படிச் சொல்லுமா என்றார். சிரித்துச் சிரித்துப் பேசி, முறுக்குக் கொடுத்து, அகராதி கொடுத்து, கடைசியில் இப்படிச் செய்துவிட்டாளே என்று பல வருஷம் அவரைச் சபித்தாராம்.

"ஒரு தடவ என்னையத் தேடி மில்லு வாசலுக்கே வந்துச்சு அந்த அம்மா. வாட்ச்மேன் வந்து சொன்னாரு. நான் வெளிய போகல. ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னுட்டுப் போச்சாம். போன வருசம் ஒடம்பு முடியாம மவுத்தாயிருச்சுன்னு கேள்விப்பட்டேன். அப்பவும் எனக்கு மனசு எறங்கல புள்ள."

சொல்லாமல் விட்டிருக்கலாம். எனக்கு அது தெரியும். அவர் சந்தோஷமாக பஸ் ஏறியிருப்பார், நானும் அவ்வப்போது போன் செய்து நலம் விசாரித்துக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் வெயிலில் ரெண்டு மணி நேரம் நின்ற அந்த அம்மா என் கண்முன்னால் வந்துவிட்டார்.

"அவங்க இல்ல சின்னம்மா. அத்தாகிட்ட சொன்னது நான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். புரியாததுபோலப் பார்த்தார். பிறகு மெதுவாக, ஏதோ கண்ணாடிச் சாமானை இறக்கி வைப்பதுபோல, என் கையைத் தன் மடியிலிருந்து எடுத்து பெஞ்சின் மேல் வைத்தார்.

"அப்ப ஒனக்கு என்ன வயசு?"

"பதினொண்ணு."

"பதினொண்ணு," என்றார்.

மில் பஸ் வந்தது. மற்ற பெண்கள் இடம் பிடிக்க ஓடினார்கள். அவர் டிபன் பையின் ஜிப்பை இழுத்து மூடி, நிதானமாக எழுந்து கடைசியாக ஏறினார். நான் நின்ற பக்கத்து ஜன்னலோரம் காலியாக இருந்தது. அவர் அதைத் தாண்டி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை அவருக்குப் போன் செய்கிறேன். ஷிஃப்ட் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் செய்கிறேன். எடுத்ததில்லை. என் எண்ணைத் தடுத்தும் வைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் முழுசாக அடித்து, தானாகவே நிற்கிறது.